நிறுத்தும் கலை: பம்பாய்ப் பியட் வண்டியின் பிரேக் வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஓட்டத்தையே விரித்துரைப்பர். இன்ன ஆண்டில் இன்ன வண்டி இத்தனை மைல் வேகத்தில் சென்றது, இன்ன பந்தயத்தில் இன்னார் வென்றார் என்று பக்கங்கள் நிரம்பும். ஓடிய வண்டியை நிறுத்தியது எது, அந்த நிறுத்தும் ஆற்றலை நாள்தோறும் காத்து வந்தவர் யார் என்னும் கேள்விகளுக்கு அங்கே இடம் இராது. ஆற்றலைப் போற்றிய வள்ளுவர் அடக்கமுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மனிதனுக்கு வேண்டிய அடக்கம் இயந்திரத்துக்கும் வேண்டும். மோட்டார் வண்டியில் அதனைத் தருவது பிரேக்.

இம்மாநகரில் வாழும் தமிழருள் மூத்தோர் எவருக்கும் பியட் வண்டி அயலானது அன்று. தாதரிலும் விக்டோரியா டெர்மினஸிலும் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் முதன்முதலாகச் சென்ற குடும்பங்கள் பல, கறுப்பும் மஞ்சளும் பூசிய அவ்வண்டியில்தான் சென்றன. இத்தாலி நாட்டில் பிறந்த அவ்வண்டியின் வாழ்வு அந்நாட்டுத் தொழிற்சாலையில் 1969-இல் முடிந்தது. இங்கோ, அதன் வழித்தோன்றலான பத்மினி 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி வரை வாடகை வண்டியாக ஓடியது. பிறந்த நாடு கைவிட்ட பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது இங்கே வாழ்ந்ததற்குத் தொழிற்சாலை மட்டும் காரணமன்று. அதனைத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்த கைகளும் காரணமாகும். அவ்வண்டியின் உறுப்புகளுள் உயிரோடு நேரே தொடர்புடைய பிரேக்கை எடுத்துக்கொண்டு அவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பியும் தண்டும்

தொடக்க கால மோட்டார் வண்டிகளின் பிரேக், குதிரை வண்டியின் கட்டையினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. சக்கரத்தின் மேல் ஒரு கட்டையை அழுத்துவர், அல்லது பின் அச்சைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்குவர். 1902-இல் பிரான்சு நாட்டு லூயி ரெனோ என்பார், சக்கரத்தோடு சுழலும் டிரம் ஒன்றினுள் வளைந்த இரு ஷூக்களை வைத்து, அவை உள்ளிருந்து விரிந்து டிரம்மைப் பற்றுமாறு செய்தார். சேறும் மழையும் எளிதில் புகாத அவ்வமைப்பே பின்னர் உலகெங்கும் பரவியது. ஷூவின் மேல் ஒட்டும் லைனிங்குக்கு உரிய பொருளைத் தேடியவருள் முதன்மையானவர் இங்கிலாந்து நாட்டு ஹெர்பர்ட் புரூட். இவர் 1897-இல் தொடங்கிய தொழிலே பெரோடோ என்னும் பெயரால் புகழ் பெற்றது.

அக்காலத்தில் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே இருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி கவிழும் என்று பலர் அஞ்சினர். உண்மை அதற்கு மாறானது. வண்டி நிற்க முயலும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே உரியது. ஆல்ப்ஸ் மலையின் சரிவுகளை அண்டையிலே கொண்ட இத்தாலியில் இதனை விரைவில் உணர்ந்தனர். மிலான் நகரத்து இசோட்டா பிராஸ்கினி நிறுவனம் 1910-ஆம் ஆண்டளவிலேயே நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்திய முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. மிதியடியிலிருந்து சக்கரம் வரை ஆற்றலைக் கொண்டு சென்றவை இரும்புத் தண்டுகளும் கம்பிகளுமே. ஒரு கம்பி சற்றே நீண்டாலும் அந்தச் சக்கரம் பிடிக்காது. மற்றது முந்திப் பிடிக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

நீர்மத்தின் நடுநிலை

இக்குறையைத் தீர்த்த தத்துவம் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் விதி. அவர் 1662-இல் மறைந்த பின், 1663-இல் அந்நூல் வெளிவந்தது. அதனை வண்டியின் பிரேக்கில் பயன்படுத்தும் அமைப்புக்கு அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் 1917-இல் உரிமை பெற்றார். 1921-இல் டியூசன்பெர்க் என்னும் விலையுயர்ந்த வண்டி அவ்வகைப் பிரேக்குடன் வந்தது. 1924-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் முதல் வண்டியிலேயே அதனைச் செம்மைப்படுத்திப் பொருத்தி, நடுத்தர மக்களுக்கும் எட்டச் செய்தது.

இதன் செயல்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓட்டுநர் 20 கிலோ பாரத்தோடு மிதிக்கிறார் என்க. மிதியடி நெம்புகோலாக நின்று அதனை ஐந்து மடங்கு ஆக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை 100 கிலோ தள்ளும். அப்பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டராயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ ஆகிறது. அதே அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒருசேரச் செல்லும். அங்குள்ள வீல் சிலிண்டரின் பிஸ்டன் 5 சதுர சென்டிமீட்டர் பரப்புடையதாயின் ஒவ்வொரு ஷூவையும் 125 கிலோ பலத்தோடு தள்ளும். எட்டு ஷூக்களுக்கும் கூட்டினால் 1,000 கிலோ. மனிதனின் கால் ஒன்று ஒரு வண்டியையே அடக்கும் விந்தை இதுதான்.

இப்பெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. பலம் எத்தனை மடங்கு பெருகுகிறதோ அத்தனை மடங்கு நகர்வு குறைகிறது. மிதியடி பல அங்குலம் இறங்கினாலும் ஷூ மயிரிழை அளவே நகரும். ஆகவே லைனிங் சற்றுத் தேய்ந்தாலும், குழாயில் சிறிது காற்றுப் புகுந்தாலும், மிதியடி அடித்தட்டைத் தொட்டுவிடும், வண்டி நிற்காது. நீர்மப் பிரேக் இடையறாத கவனிப்பை வேண்டி நிற்பதன் காரணம் இதுவே.

டூரினிலிருந்து குர்லாவுக்கு

இத்தாலியின் வடமேற்கிலுள்ள டூரின் நகரம் பியட் நிறுவனத்தின் தாயகம். 1932-இல் அங்கிருந்து வெளிவந்த பலில்லா என்னும் 995 கன சென்டிமீட்டர் வண்டி, எளிய மக்களுக்கென அமைக்கப்பட்ட சிறு வண்டியாயினும் நான்கு சக்கரங்களுக்கும் நீர்மப் பிரேக் பெற்றிருந்தது. அமெரிக்காவில் போர்டு நிறுவனமோ 1939-இல்தான் அதற்கு மாறியது. 1937-இல் பலில்லாவின் புதிய வடிவம் 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு வந்தது. இத்தாலியர் ஆயிரத்து நூறு என்னும் பொருள்பட 'மில்லெசெந்தோ' என்றழைத்த வண்டிக் குலம் இங்கே தொடங்குகிறது. அதனை உருவாக்கிய பொறியியலாளருள் தாந்தே ஜியாகோசா குறிப்பிடத்தக்கவர். போருக்குப் பின் 1953-இல் முற்றிலும் புதிய உடலமைப்போடு அவர் வடித்த 1100-103 என்னும் வண்டியே இந்தியாவுக்கு வந்தது.

இங்கே அதனை ஏற்றுக்கொண்டது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். கப்பல், விமானம், மோட்டார் ஆகிய முத்துறைகளிலும் இந்தியத் தொழிலை நிறுவ முயன்ற வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 1947-இல் குர்லா தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்தவை கிரைஸ்லர் குழுவின் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகள். நீர்மப் பிரேக்கைப் பெருவழக்காக்கிய அதே கிரைஸ்லரின் வண்டிகளிலேயே குர்லா தொழிலாளர் தம் கைப்பழக்கத்தைத் தொடங்கினர் என்பது கருதத்தக்கது. 1950-களின் தொடக்கத்தில் பியட்டுடன் உடன்பாடு ஏற்பட்டது. 1954-இல் 1100 வண்டி இங்கே வந்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு நிற்கும் நிறுவனங்கள் இந்தியாவில் நீடிக்கக் கூடாது என்னும் கொள்கை 1953-ஐ ஒட்டி வகுக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் வெளியேறின. எஞ்சியவை பாகங்களையும் இங்கேயே செய்யும் பொறுப்பை ஏற்றன.

இக்கொள்கையின் பயனாக நாட்டின் பல பகுதிகளிலும் உதிரிபாகத் தொழில் வளர்ந்தது. பிரேக்கைப் பொறுத்தவரை அதில் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. 1962-இல் டி.வி.எஸ். குழுவினர் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்தோடு கூடிப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையை நிறுவினர். 1964-இல் ரானே குழுவினரின் பிரேக் லைனிங் நிறுவனம் தோன்றியது.

அந்நாளில் கார் எளிதில் கிட்டும் பொருளன்று. பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரதமராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி அவர்களே 12,000 ரூபாய் விலையுள்ள பியட் வண்டியை வாங்கப் போதிய பணமின்றி 5,000 ரூபாய் வங்கிக் கடன் பெற்றார் என்பதும், அவர் மறைந்த பின் துணைவியார் லலிதா அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து அக்கடனை அடைத்தார் என்பதும் நாடறிந்த செய்தி. பிரதமருக்கே அரிதான வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவர் எத்துணைப் போற்றியிருப்பார் என்று சொல்ல வேண்டுவதில்லை. பழையதை எறிந்து புதியதை வாங்கும் வழி அவருக்கு இல்லை. பழுது பார்ப்பதே அவர் கண்ட ஒரே வழி.

டிஸ்க் வந்தது, டிரம் நின்றது

1950-களில் பிரேக் வரலாறு மற்றொரு திருப்பம் கண்டது. சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டை இருபுறமும் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக்குடன் ஜாகுவார் வண்டி 1953-இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் வென்றது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சூடு விரைவில் தணியும். டிரம்மோ மூடிய பாத்திரம் போன்றது. அதன் சூடு உள்ளேயே தங்கும். பியட் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட 1100 ஆர் என்னும் வடிவத்தில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் தந்தது. அதே ஆண்டில் வந்த பியட் 124 நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பெற்றிருந்தது. 1969-இல் 128 என்னும் வண்டி வர, மில்லெசெந்தோ குலம் இத்தாலியில் முடிவுற்றது.

இங்கோ அதற்கு முந்திய 1100 டி வடிவமே 1960-களின் நடுவில் நிலைபெற்றது. 1970-களின் தொடக்கத்தில் பியட்டின் பெயர் நீங்கி, முதலில் பிரசிடென்ட் என்றும், பின்னர் சித்தூர் அரசியின் பெயரால் பத்மினி என்றும் அழைக்கப்பட்டது. பெயர் மாறினும் எஞ்சினின் 1,089 கன சென்டிமீட்டர் மாறவில்லை. டிரம்மும் ஷூவும் பல்லாண்டுகள் தொடர்ந்தன. இதனைத் தொழிலின் தேக்கம் என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் அத்தேக்கமே, ஒரே அமைப்பை ஆயிரம் முறை பிரித்துப் பூட்டிய ஒரு கைவினைஞர் கூட்டத்தை இந்நகருக்குத் தந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

பழுது பார்க்கும் முறை

அக்கைவினைஞரின் வேலையை இனிச் சற்று நெருங்கிக் காண்போம். மிதியடியே முதற் சான்று. அது பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்துப் பிடிக்கையில் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்வு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கத்தில் ஒரு சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் ஸ்பானரைத் தொடுமுன்னரே இவ்வளவும் அறிவார்.

பின் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்ப்பர். ஈரம் கண்டால் உள்ளிருக்கும் ரப்பர் கப்பு பழுது. சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருப்பின் புதுக் கப்பு இட்டும் பயனில்லை. அதனைத் தேய்த்து மெருகேற்றுவர். குழி ஆழமாயின் லேத்தில் கடைந்து உள்ளே பித்தளைச் சிலீவ் செருகுவர். தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளை அகற்றிப் புதிய லைனிங்கைச் செம்பு அல்லது பித்தளை ரிவெட்டால் பிணைப்பர். இரும்பு ரிவெட் இடலாகாது. லைனிங் தேயும்போது அது டிரம்மைக் கீறிவிடும். கீறல் விழுந்த டிரம்மை லேத்தில் கடையலாம். அளவுக்கு மேல் கடைந்தாலோ டிரம் மெலிந்து, விரைவில் சூடேறி, வெடிக்கவும் கூடும். எவ்வளவு கடையலாம் என்று அறிதலே கைத்திறன்.

இறுதியாகக் காற்றை வெளியேற்றுதல். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து மிதித்துப் பிடிப்பார். மற்றவர் சக்கரத்தின் அருகே படுத்து, சிறு திருகைத் திறந்து, குமிழிகளோடு வரும் ஆயிலைப் புட்டியில் ஏந்தி, மிதியடி மேலெழுமுன் திருகை மூடுவார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். ஓட்டுநர் வலப்புறம் அமரும் நம் நாட்டு வண்டியில் அது இடப்பக்கப் பின்சக்கரம். ஆசானும் மாணவனும் குரலால் ஒருவரையொருவர் அறிந்து செய்யும் இவ்வேலையில்தான் தொழில் ஒரு தலைமுறையினின்று மறு தலைமுறைக்குச் சென்றது. புத்தகமும் இல்லை, தேர்வும் இல்லை.

பம்பாயின் மழையும் மலையும் இத்தொழிலுக்குக் கடுமை சேர்த்தன. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் கலந்தாலே அது 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். கண்டாலாவிலிருந்து போர்காட் மலைச்சரிவில் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கும் வண்டியில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்புத் தளரும். பழைய ஆயிலாயின் கொதித்து ஆவியாகும். ஆவி காற்றைப் போலவே அமுங்கும், மிதியடி வெறுமையாகும். கீழ்க்கியரில் இறங்குக என்று முதிய ஓட்டுநர் வற்புறுத்தியது இதனால்தான். இவ்வகைப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. அமெரிக்காவில் 1968 முதல் இருதொடர் அமைப்புக் கட்டாயமாயிற்று. நம் தெருவோர மெக்கானிக்கோ, மாற்று ஏற்பாடு ஏதுமற்ற அந்த ஒற்றைத் தொடரைத் தம் கவனத்தால் காத்தார்.

தூசியின் விலை

இவ்வரலாற்றில் துயரமான பக்கமும் ஒன்று உண்டு. லைனிங்கில் பல்லாண்டுகள் சேர்த்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்கும் அந்நார் நுண்துகளாகி மூச்சில் புகுந்தால், இருபது நாற்பது ஆண்டுகள் கழித்தும் நுரையீரல் நோயாகவும் புற்றாகவும் வெளிப்படும். டூரினுக்கு அருகே பலஞ்ஜேரோ என்னுமிடத்தில் பெரிய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் இருந்தது. அது 1990-இல் மூடப்பட்டது. 1992-இல் இத்தாலி அப்பொருளையே சட்டத்தால் விலக்கியது. டிரம்மைக் கழற்றியதும் அதிலுள்ள கரிய தூசியை வாயால் ஊதுவது இங்கே கராஜ் பையன்களின் வழக்கமாயிருந்தது. பிறருடைய உயிரைக் காக்கும் வேலையில் தம் மூச்சையே பணயம் வைக்கிறோம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. பழைய பியட்டை இன்றும் போற்றி வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது. தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முகத்துக்குக் காப்பு அணிய வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலவாத லைனிங்கையே கேட்டு வாங்க வேண்டும்.

எஞ்சி நிற்பது

பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டையொட்டி நின்றது. மும்பையில் வாடகை வண்டிகளின் வயதுக்கு 2008-இல் 25 ஆண்டு என்றும், 2013-இல் 20 ஆண்டு என்றும் வரம்பு விதித்தனர். தார்தேவ் அலுவலகத்தில் கடைசிப் பத்மினி வாடகை வண்டி பதிவு பெற்றது 2003 அக்டோபர் 29 அன்று. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் அவ்வினமே வாடகைத் தொழிலினின்று நீங்கியது. புகையும் பாதுகாப்பும் கருதிய அவ்விதியைக் குறை கூறுவதற்கில்லை. ஒற்றைத் தொடர்ப் பிரேக்குடைய வண்டி இன்றைய போக்குவரத்துக்கு உரியதும் அன்று.

வண்டி போனதைக் காட்டிலும், அதனோடு போகும் அறிவே எண்ணத்தக்கது. இத்தாலியில் இவ்வண்டியைப் பேணும் ஆர்வலர்க்குத் தொழிற்சாலை ஏடுகளும் வரைபடங்களும் உண்டு. குர்லாவின் பழைய இரும்புக் கடைகளிலும் சோர் பஜாரிலும் பாகம் தேடிப் பொறுக்கி, சிலிண்டருக்குச் சிலீவ் இட்டு, இவ்வண்டியைப் பல்லாண்டுகள் ஓட்டிக் காட்டிய நம் நகரத்து மெக்கானிக்கின் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. அவர் மராத்தியராயினும் வடநாட்டவராயினும் தமிழராயினும், பெரும்பாலும் வேற்றூரிலிருந்து வந்து இத்தொழிலைக் கற்றவர். நம்மைப் போலவே அந்த வண்டியும் வேற்றூரிலிருந்து வந்து இங்கே வேரூன்றியது.

நம் சங்கத்து இளைஞருள் பொறியியல் கற்போர் பலர். விடுமுறை நாளொன்றில் தம் பேட்டையிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரை அணுகி, அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்பார்களாயின் அதுவும் ஒரு வரலாற்றுப் பணியே ஆகும். அரசர் வென்ற போர்களுக்குக் கல்வெட்டு உண்டு. தெருவில் விபத்து நேராமல் காத்தவருக்கு அத்தகைய சான்று இல்லை. நேராத விபத்தை எவரும் கணக்கிடுவதில்லை. அவர் உயிரோடிருக்கும் போதே அவர் சொல்லை எழுத்தில் ஏற்றுவது நம் கடமை.